நோத்ர் தாமில் புதுச் சன்னல், கோட்டாற்றில் நம்ம வெயில்: பழைய பேராலயத்துக்கு நிறக்கண்ணாடி வடிவமைப்பது எப்படி?

பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் ஆறு நிறக்கண்ணாடிச் சன்னல்களைக் கழற்றிவிட்டுப் புதியவை வைக்கப் போகிறார்கள் என்ற செய்தியைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தீயில் எரிந்துபோனதைத்தானே மாற்றுகிறார்கள், இதில் என்ன சண்டை?

அவை எரியவில்லை. அதுதான் சண்டையே.

குமரி மாவட்டத்தில் நூறு, இருநூறு வருடக் கத்தோலிக்கக் கோவில்களுக்குக் குறைவில்லை. கோட்டாறு, குளச்சல், முளகுமூடு, கன்னியாகுமரி என்று எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒரு புதுப்பிப்பு வேலை நடக்கும். "சன்னலுக்கெல்லாம் கலர் கண்ணாடி போட்டுவிடலாமே" என்ற பேச்சும் பங்குப் பேரவை (பங்கு மக்களின் ஆலோசனைக் குழு) கூட்டங்களில் எழுவதுதான். பாரிஸ் செய்தியைப் புரிந்துகொண்டால் அந்தப் பேச்சையும் கொஞ்சம் ஒழுங்காகப் பேசலாம்.

பாரிஸில் நடப்பது என்ன?

2019 ஏப்ரல் 15 அன்று பிடித்த தீயில் நோத்ர் தாமின் மரக்கூரையும் கூர்கோபுரமும் போயின. 13ஆம் நூற்றாண்டின் மூன்று பெரிய வட்ட வடிவ ரோஜாச் சன்னல்களும் தப்பின. அவற்றை இப்போதும் யாரும் மாற்றப்போவதில்லை. மாற்றப்போவது தெற்குப் பக்கச் சிற்றாலயங்களில் இருக்கும் ஆறு சன்னல்களை. 19ஆம் நூற்றாண்டில் வியோலே-ல-துக் என்ற கட்டடக் கலைஞர் அந்தக் கோவிலைப் புதுப்பித்தபோது வடிவமைத்தவை அவை. அவற்றில் புனிதர் உருவம் எதுவும் இல்லை. வெளிறிய கண்ணாடியில் சாம்பல் கோடுகளாகக் கொடியும் கட்டமும். இந்த வகைக்கு கிரிசாய் என்று பெயர்.

2023 டிசம்பரில் அதிபர் மக்ரோன் அந்த இடத்தில் இன்றைய கலைஞரின் சன்னல்கள் வரும் என்றார். 2024 ஜூலையில் பிரான்சின் தேசியப் பாரம்பரிய ஆணையம் ஒருமனதாக எதிர்த்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில் கிளேர் தபுரே என்ற ஓவியர் தேர்வானார். கண்ணாடி வேலை, ரெய்ம்ஸ் நகரின் சிமோன்-மார்க் பட்டறைக்கு. பேராயர் கேட்ட பொருள் பெந்தகோஸ்து, அதாவது தூய ஆவியார் இறங்கிவந்த நிகழ்வு. 2026 கடைசிக்குள் பொருத்துவது திட்டம்.

ஆதரிப்பவர்களின் வாதம் இது: ஒவ்வொரு காலமும் அந்தக் கோவிலில் தன் தடத்தை விட்டிருக்கிறது, நம் காலம் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்? இதில் உண்மை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் உள்ளே இருட்டாக இருக்கிறதென்று அந்தக் கோவில் குருக்களே பழைய கண்ணாடிகளில் பெரும்பகுதியைக் கழற்றி வெள்ளைக் கண்ணாடி மாட்டினார்கள். எதிர்ப்பவர்கள் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தைக் காட்டுகிறார்கள். ஒரு நினைவுச் சின்னத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த தகுதியான பங்களிப்புகளை மதிக்க வேண்டும் என்கிறது அது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு காலத்தின் வேலையை இன்னொரு காலம் ஏன் கழற்ற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ரெய்ம்ஸ் பேராலயத்தில் 1974இல் ஓவியர் மார்க் ஷகாலின் சன்னல்கள் வந்தன. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகளைக் கணினி போட்ட வரிசைப்படி அடுக்கினார். கொலோன் கர்தினாலுக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் அது ரசனைச் சண்டை. ரிக்டர் சன்னல் வந்த இடத்தில் இருந்த பழைய கண்ணாடி இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. சாதாரணக் கண்ணாடிதான் அங்கே இருந்தது. காலி இடத்தை நிரப்புவது வேறு, இருப்பதைக் கழற்றுவது வேறு. பாரிஸில் கிளேர் தபுரே நன்றாக வரைகிறாரா இல்லையா என்ற கேள்வியே இரண்டாம் பட்சம்.

நிறக்கண்ணாடி எது, எது இல்லை?

கண்ணாடி என்பது உருக்கிய மணல். சிலிக்கா மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்குவார்கள். உருகும்போதே உலோக ஆக்சைடு சேர்த்தால் நிறம் உள்ளேயே ஊறிவிடும். கோபால்ட் போட்டால் நீலம். மாங்கனீசு ஊதா. இரும்பு பச்சை. செம்பு, சேர்க்கும் விதத்தைப் பொறுத்துப் பச்சையோ சிவப்போ தரும். பொன்னைக் கரைத்துச் சேர்த்தால் மாதுளைமுத்துச் சிவப்பு. (மணவாளக்குறிச்சி மணலை வைத்துச் செய்யலாமே என்று கேட்டுவிட வேண்டாம். அந்தக் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்டில் இரும்பு நிறைய. கண்ணாடிக்காரனுக்கு இரும்பில்லாத வெள்ளை மணல்தான் வேண்டும்.)

சிவப்புக் கண்ணாடியை முழுக் கனத்துக்கும் சிவப்பாகச் செய்தால் கறுப்பாகத் தெரியும். அதனால் வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புத் தோல் ஒன்றைப் பூசியதுபோல ஊதி எடுப்பார்கள். முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் இதற்கு மேல் தீட்டுவது. இரும்பு அல்லது செம்பு ஆக்சைடையும் பொடித்த கண்ணாடியையும் குழைத்துத் தீட்டி, 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட்டால் அது கண்ணாடியோடு ஒட்டிப்போகும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளிச் சேர்மத்தைத் தடவிச் சுட்டு மஞ்சள் நிறம் ஏற்றக் கற்றார்கள். அது மேலே ஒட்டும் பூச்சாக நிற்காமல் கண்ணாடிக்குள் இறங்கிக் கறையாகப் படியும். ஸ்டெய்ன்டு கிளாஸ் என்ற பெயரில் இருக்கும் அந்தக் 'கறை' இதைத்தான் நினைவூட்டுகிறது.

நம் ஊர்க் கடைகளில் இதே பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு சரக்கு:

1. அச்சடித்த வினைல் தாளை ஒட்டிய சாதாரணக் கண்ணாடி. விலை குறைவு. நம் வெயிலில் சில வருடங்களில் நிறம் வெளுத்து ஓரம் சுருளும்.
2. சுடாத பெயின்ட்டால் தீட்டி, ஈயம் மாதிரி கறுப்புக் கோடு போட்ட கண்ணாடி. துடைத்துத் துடைத்தே பாதி போய்விடும்.
3. பீங்கான் மையால் அச்சிட்டுச் சூளையில் சுட்ட கண்ணாடி. இது நீடிக்கும். ஆனால் நிறம் மேற்பரப்பில்தான், ஆழம் இருக்காது.

புதிதாகக் கட்டிய சிறு கோவிலுக்கு மூன்றாவது வகையைக் குறை சொல்ல முடியாது. பழைய பேராலயத்துக்கு முதல் இரண்டையும் யாராவது சிபாரிசு செய்தால், அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

சன்னல் உருவாகும் வரிசை

1. சன்னல் துளையை அளப்பது. பழைய சுவரில் எந்த இரண்டு சன்னலும் ஒரே அளவு இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனியாக அட்டை வெட்டி எடுக்க வேண்டும்.
2. சின்ன அளவில் வண்ண வரைவு. கோவில் நிர்வாகம் ஒப்புதல் தருவது இந்தக் கட்டத்தில்தான்.
3. முழு அளவு வரைபடம். எங்கே கண்ணாடி வெட்டுப்படும், எங்கே ஈயம் ஓடும், எங்கே கம்பி வரும் என்று எல்லாம் இதில் இருக்கும். ஈயக் கோடு வெறும் இணைப்பு அல்ல, அதுவே ஓவியத்தின் கோடு. புனிதரின் கழுத்துக்குக் குறுக்கே ஈயம் போனால், தலை வெட்டுண்டவர் மாதிரித் தெரியும்.
4. கண்ணாடித் தேர்வு. மேசை மேல் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் அதே சன்னலில்.
5. வெட்டு, தீட்டல், சூளை.
6. இரு பக்கமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டைகளில் துண்டுகளைச் செருகி, மூட்டுகளைப் பற்றவைப்பது. பிறகு ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் பிசைந்த பசையை ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அழுத்தித் தேய்ப்பது. மழைநீரைத் தடுப்பது இந்தப் பசைதான்.
7. தனித்தனிப் பலகங்களாகக் கொண்டுவந்து, குறுக்குக் கம்பிகளில் கட்டிப் பொருத்துவது.

ஆறாவது வேலையைச் செய்பவர்கள் பட்டறையில் சாப்பிடக் கூடாது, கை கழுவாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஈயம் விஷம்.

இத்தனையும் செய்த பின் எவ்வளவு காலம் நிற்கும்? இங்கிலாந்தின் யார்க் பேராலயக் கிழக்குச் சன்னலை 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் செய்தார். அதன் 311 பலகங்களையும் பத்து வருடம் எடுத்துப் பழுதுபார்த்து 2018இல் முடித்தார்கள். ஈயத்தை நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கண்ணாடி அப்படியே இருக்கும்.

எட்டாவது பாகை வெயில்

வடிவமைப்பு என்றதும் எல்லோரும் படத்தைப் பேச ஆரம்பிக்கிறார்கள். எந்தப் புனிதர், என்ன நிறம், யார் முகம். முதலில் பேச வேண்டியது சூரியனை. ஐரோப்பாவின் சன்னலை அப்படியே இங்கே நகலெடுத்தால் ஏன் சரிவராது என்பதும் அதில்தான் இருக்கிறது.

கணக்குக்கு ஓர் இடம் வேண்டும். கோட்டாறு தூய சவேரியார் பேராலயத்தை எடுத்துக்கொள்வோம். 1930இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது அதன் தலைமைக் கோவிலானது. (அங்கே இப்படி ஒரு திட்டம் இருப்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். இது வெயில் கணக்குக்கு மட்டும்.)

பாரிஸ் கிட்டத்தட்ட 49 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 18 பாகைதான் எழும். தெற்குச் சன்னல் வழியாகச் சாய்ந்து நுழையும் அந்த வெயில் கோவிலின் நடுவரை நிறத்தை இறைக்கும். கோட்டாறு இருக்கும் நாகர்கோவில் 8 பாகைக்குச் சற்று மேலே. அதே நாளில் இங்கே உச்சிச் சூரியன் 58 பாகை உயரத்தில் இருக்கும். இதனால் நடப்பவை:

1. வெயில் செங்குத்தாக விழுகிறது. சுவர் இரண்டடி கனம், கண்ணாடி வெளி விளிம்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் உச்சி வேளையில் தெற்குச் சன்னலின் அடியிலிருந்து மூன்றடி உயரம்வரை நுழையும் நேர்வெயில் உள்ளே வராது, சன்னல் படியிலேயே விழுந்துவிடும். மேலே மழைக்காகச் சிமென்ட் சன்ஷேடு இருந்தால் மேல்பகுதி வெயிலும் போயிற்று.

2. வடக்குச் சன்னலுக்கும் வெயில் உண்டு. பாரிஸில் உச்சி வேளைச் சூரியன் எப்போதும் தெற்கேதான். இங்கே ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை அது வடக்கே நிற்கும். வடக்குக்குக் குளிர்ந்த நீலம், தெற்குக்குச் சூடான சிவப்பு என்ற ஐரோப்பிய வழக்கம் இங்கே ஆண்டில் நான்கரை மாதம் பொருந்தாது. அதில் ஜூன், ஜூலை சாரல் மாதங்கள் வேறு. வானம் மூடியே இருக்கும்.

3. ஆகவே தாழ்ந்து நுழையும் வெயில் கிழக்கிலும் மேற்கிலும்தான், காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம். காலைத் திருப்பலி நேரத்துக்குக் கிழக்குச் சன்னல், மாலை ஜெபமாலை நேரத்துக்கு மேற்குச் சன்னல். பணம் ஒரு சன்னலுக்குத்தான் இருக்கிறதென்றால் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போடுவதுதான் என் கணிப்பில் சரி.

4. வெளியே என்ன இருக்கிறது என்பதும் வடிவமைப்பில் சேரும். நேர்வெயில் இல்லாத நேரத்தில் சன்னல் ஒளிர்வது வானத்தால். பின்னால் தென்னந்தோப்போ பக்கத்துக் கல்யாண மண்டபச் சுவரோ இருந்தால் அந்தப் பகுதி இருண்டுபோகும். அங்கே வெளிர் கண்ணாடி வேண்டும். வானம் தெரியும் மேல்பகுதியில் அடர்நிறம் தாங்கும்.

நிறங்களுக்கும் குணம் உண்டு. தூரத்திலிருந்து பார்க்கும்போது நீலம் தன் எல்லையைத் தாண்டிப் பரவுவதுபோலத் தெரியும். சிவப்பு அடங்கி நிற்கும். இதை விரிவாக எழுதி வைத்தவர் வேறு யாருமில்லை, இப்போது பாரிஸில் யாருடைய சன்னல்களைக் கழற்றப் போகிறார்களோ அதே வியோலே-ல-துக். நீலத் துண்டைச் சுற்றி ஈயம் தடிமனாகவோ தீட்டல் அடர்த்தியாகவோ வேண்டும். இல்லையென்றால் மாதாவின் நீல மேலாடை பக்கத்திலிருக்கும் முகத்தை விழுங்கிவிடும்.

அப்புறம் இரவு. நம் கோவில்களின் பெரிய கூட்டம் திருவிழா இரவுகளில்தான். கோட்டாற்றில் நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3 சவேரியார் திருநாளோடு முடியும் நாட்களில், சீரியல் செட் வெளிச்சத்தில் வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர்! பகலில் உள்ளே இருப்பவருக்கு ஒளிரும் சன்னல், இரவில் அவருக்கு வெறும் கறுப்புப் பலகை. உள்ளே விளக்கு எரிந்தால் வெளியே நிற்பவருக்குத்தான் ஒளிரும், அதுவும் இடம் வலம் மாறி. எழுத்து இருந்தால், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல வெளியிலிருந்து திருப்பித் தெரியும். வசனம் எழுத ஆசைப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மழை, உப்பு, காற்று

இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. குறுக்குக் கம்பிக்குச் சாதா இரும்பு வைத்தால் துரு ஏறிப் பருத்து, கல்லையே பிளக்கும். வெண்கலமோ, கடல்காற்றுக்குத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை நினைவில் வைத்துப் பலகங்களைச் சிறிதாகவும் கம்பிகளை நெருக்கமாகவும் வைப்பது நல்லது. ஈயம் மென்மையானது. காற்று தள்ளும்போதும் வெயிலில் விரியும்போதும் பெரிய பலகம் வயிறு தள்ளிவிடும்.

வெளியே காப்புக் கண்ணாடி போடலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே காற்று மேலும் கீழும் புகுந்து வெளியேற வழி விட வேண்டும். அடைத்துவிட்டால் அந்த இடுக்கு அடுப்பாகிவிடும்.

இன்னொன்று, நம் மக்களுக்கு மூச்சு முட்டக் கூடாது. ஐரோப்பியச் சன்னல் திறப்பதற்கில்லை. நம் பழைய கோவில்களின் மரச் சன்னல் காற்றுக்காகவே வைத்தது. அதைப் பிடுங்கிவிட்டு முழுக்கக் கண்ணாடி அடைத்தால் மே மாதத் திருப்பலிக்கு ஏசி போட வேண்டி வரும். மேல் வளைவில் மட்டும் நிறக்கண்ணாடி, கீழே பழைய மரக்கதவு அப்படியே என்பது இங்கே பொருந்தும் ஏற்பாடு. செலவும் குறையும், பழைய மரவேலையும் பிழைக்கும்.

என்ன படம்?

கோட்டாற்றுக்கு என்றால் பொருளுக்குப் பஞ்சமில்லை. 1544இல் இந்தக் கடற்கரையில் நடந்த பிரான்சிஸ் சவேரியார் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதியவர். கையில் மணியோடு சிறுவர்களை அழைத்துப் போகும் உருவம் ஒரு சன்னலுக்குப் போதும். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் கல்லறை இந்தக் கோவிலிலேயே இருக்கிறது. அவர் பிறந்த நட்டாலம், எருமைமேல் ஏற்றிய ஊர்வலம், முட்டியால் இடித்ததும் நீர் சுரந்ததாகச் சொல்லும் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை, 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடி மலை. அடியிலிருந்து மேலே படிக்கும் இடைக்காலச் சன்னல் முறைக்கு இந்தக் கதை தானாகவே பொருந்தும். முடிவு மலைமேல் அல்லவா?

சிக்கல் தோலின் நிறத்தில் வரும். ஐரோப்பியப் பட்டறைகள் முகத்துக்கு வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன கண்ணாடி வைத்தன, அது ஒளியை நன்றாக விடும். பழுப்புக் கண்ணாடி ஒளியைத் தின்னும். நம் ஆட்களின் நிறத்தைத் தாளில் பார்த்தபடியே கண்ணாடியில் வைத்தால், பத்தடி தள்ளி நின்றாலே கண், மூக்கு எதுவும் தெரியாது. அதற்காக தேவசகாயத்தை வெள்ளைக்காரராக்கவும் முடியாது. தேன் நிற, ஆம்பர் கண்ணாடியை எடுத்து, நிழல்களை மட்டும் பழுப்பாகத் தீட்டி, சுற்றியிருக்கும் துணியையும் வானத்தையும் முகத்தைவிட ஒரு படி அடர்த்தியாக வைத்தால் முகம் ஒளிரும். இதை முழு அளவு மாதிரியில் ஒரு முகம் செய்து அதே சன்னலில் வைத்துப் பார்க்காமல் ஒப்புதல் தரக் கூடாது.

யார் முடிவெடுப்பது?

பிரான்சில் 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி பேராலயங்கள் அரசின் சொத்து. அதனால்தான் அதிபர் சன்னலைப் பற்றி அறிவிக்கிறார். இங்கே கோவில் மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189ஆவது விதி, பழமையாலோ கலையாலோ வணக்கத்தாலோ மதிப்புப்பெற்ற உருவங்களை ஆயரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கக் கூடாது என்றும், அனுமதி தருமுன் அவர் வல்லுநர்களைக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. பங்குப் பேரவைத் தீர்மானம் மட்டும் போதாது.

கழற்றுவது எப்போதும் தவறு என்றும் சொல்வதற்கில்லை. வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதிகள் லீ, ஜாக்சன் இருவரின் சன்னல்கள் இருந்தன. 2017இல் அவற்றை எடுத்தார்கள். 2023இல் ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் வடிவமைத்த, நீதி கேட்டு நடக்கும் கறுப்பின மக்களின் சன்னல்கள் வந்தன. அங்கே காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. பாரிஸில் அப்படி ஒரு காரணத்தைச் சொல்ல முடியாததுதான் எதிர்ப்புக்கு வலு.

நம் ஊரில் கடைசியாக எப்படியும் எழும் கேள்வி: உபயம் என்று பெயர் எங்கே போடுவது? டியூப் லைட்டில் பெயர் எழுதி, அந்தப் பெயராலேயே வெளிச்சத்தை மறைத்த மரபு நமக்கு உண்டு. பிரான்சின் ஷார்த்ர் பேராலயச் சன்னல்களில் ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், தச்சர் எல்லோரும் தொழில் செய்யும் கோலத்தில் அடிப் பலகங்களில் இருக்கிறார்கள். வலை பின்னுபவரும் பனையேறுபவரும் தறிக்காரரும் அப்படி வரலாம். பெயர்தான் வேண்டுமென்றால் அதற்கும் இடம் அதே அடிப்பகுதிதான். கண்ணுக்கு நேரே இருக்கும், படிக்கலாம். உச்சி வெயில் உள்ளே வராத அந்த மூன்றடியும் அதுவேதான்.